அம்மாவுக்கு வைட்டமின் டி 9. அதனால்தான் மார்பகப் புற்றுநோய் வந்ததா?

பிப்ரவரி 11, 2024 – வந்த கேள்வி

"அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கூடவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று இருக்கிறது. அத்தை உடனே, 'வெயிலே படாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள், அதுதான் இப்படி' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா அதையே நினைத்து அழுகிறார். நெட்டில் தேடினாலும் டி குறைந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்றுதான் முதலில் வருகிறது. எனக்கு 31 வயது. நான் இப்போதே மாத்திரை போட்டால் எனக்கு வராமல் தடுக்கலாமா?"

பிப்ரவரி 11, இரவு

முதலில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்: வெயிலில் நிற்காததால் இது வரவில்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

எனக்கும் வந்தது. 2018இல், 49 வயதில், வலது பக்கம். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது லெட்ரோசோல் என்ற ஈஸ்ட்ரோஜன் தடுப்பு மாத்திரையில் இருக்கிறேன். அப்போது எனக்கு டி 14.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். இருபது வருடத்துக்கு மேல் மைதானத்தில் நின்றவள். வெயில் படாதவள் என்று என்னை யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் டி குறைவாகத்தான் இருந்தது, எனக்கும் கட்டி வந்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். ஒருத்தியின் கதை சாட்சியாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அத்தை சொன்னதும் ஒருத்தியின் கதையை வைத்துத்தான்.

இன்னொன்று. நம் ஊரில் யாரைப் பிடித்து டி பார்த்தாலும் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். எங்கள் பள்ளியில் டீச்சர்கள் சேர்ந்து ஒரு தடவை பரிசோதனை செய்தோம். பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு 20க்குக் கீழே. அந்த ஒன்பது பேரில் புற்றுநோய் வந்தது எனக்கு மட்டும்.

பிப்ரவரி 14

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. கீமோ நாட்களில் தூக்கம் வராத இரவுகளில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்று இரண்டு சகோதரர்கள். 1974இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் உரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே அமெரிக்காவின் எந்தப் பகுதியில் எந்தப் புற்றுநோயால் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். வெயில் குறைந்த வடக்குப் பகுதிகளில் பெருங்குடல் புற்றுநோய் மரணம் அதிகம், வெயில் கொளுத்தும் தெற்கில் குறைவு. வெயிலால் உடம்பில் உண்டாவது வைட்டமின் டி. அதுதான் காக்கிறதோ என்று 1980இல் எழுதினார்கள். 1990இல் மார்பகப் புற்றுநோய்க்கும் இதே கணக்கைப் பார்த்து, அங்கேயும் வடக்கில் அதிகம் என்று காட்டினார்கள்.

நல்ல கேள்விதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் பார்த்தபோது மார்பகச் செல்களிலேயே வைட்டமின் டியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருப்பது தெரிந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் டியின் வீரியமான வடிவத்தை ஊற்றினால் அவை வளர்வது மட்டுப்பட்டது. அதனால் நம்பியவர்கள் முட்டாள்கள் கிடையாது. நானும் நம்பினேன்.

ஆனால் வரைபடத்தில் வடக்கும் தெற்கும் வெயிலில் மட்டுமா வேறுபடும்? முதல் குழந்தை எந்த வயதில், எத்தனை குழந்தை, தாய்ப்பால் எவ்வளவு நாள், குடிப்பழக்கம், உடல் எடை என்று மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள எல்லாமே ஊருக்கு ஊர் மாறும். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு 1980களிலிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் பெண்களிடம் முதல் இடத்தில் இருந்தது. அது குறைந்துகொண்டே வந்து, மார்பகம் முன்னால் போய்விட்டது. இந்த நாற்பது வருடத்தில் சென்னையில் வெயிலா குறைந்தது?

பிப்ரவரி 15

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. சென்னையில் வெயில் குறையவில்லை, ஆனால் வெயிலில் நிற்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்களே என்று ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆமாம். வயலும் களத்துமேடும் போய் ஆபீஸும் அபார்ட்மென்டும் வந்துவிட்டன. சென்னை உதாரணத்தை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது. கார்லண்ட் சகோதரர்களின் வரைபடத்துக்கு என்ன குறையோ அதே குறை இதற்கும்.

அதனால்தான் ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாத்திரையும் இன்னொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து வருடக்கணக்கில் பார்த்த ஆய்வுகள் வேண்டும். அவை இருக்கின்றன. வார இறுதியில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 18

பெண்களை மட்டும் வைத்து நடந்த பெரிய ஆய்வு அமெரிக்காவின் 'பெண்கள் நல முன்முயற்சி'. மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சராசரியாக ஏழு வருடம். முடிவு 2008இல் வந்தது. டி எடுத்தவர்களில் 528 பேருக்கு மார்பகப் புற்றுநோய், எடுக்காதவர்களில் 546 பேருக்கு. இவ்வளவு பெரிய கூட்டத்தில் 18 பேர் வித்தியாசம் என்பது தானாகவே வரக்கூடியது.

அந்த ஆய்விலேயே எனக்கு உறைத்த இடம் வேறு. ஆரம்பத்தில் டி குறைவாக இருந்த பெண்களுக்குப் புற்றுநோய் கொஞ்சம் அதிகம் வந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் உடல் எடையையும் உடற்பயிற்சியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடம்பு பெருத்திருந்தால் அது உடம்பெல்லாம் பரவிவிடும், ரத்தத்தில் குறைவாகத் தெரியும். அதே கொழுப்புதான் மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரிக்கும் இடம். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. ஆக ஒரே எடை அந்தப் பக்கம் டியைக் குறைக்கிறது, இந்தப் பக்கம் புற்றுநோய்க்கும் தீனி போடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாம் டிதான் காரணம் என்று சொல்லிவிட்டோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ எடை போட்டதால்தான் வந்தது' என்று அம்மாவிடம் யாராவது ஆரம்பித்தால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒல்லியாக இருந்த எனக்கும் வந்தது.

பிப்ரவரி 19

400 யூனிட் எல்லாம் ஒரு அளவா, இன்னும் அதிகம் கொடுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். நியாயமான கேள்வி. பொறுங்கள்.

பிப்ரவரி 25

அதிகமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 'வைட்டல்' என்ற ஆய்வு, பாஸ்டனில் ஜோஆன் மேன்சன் தலைமையில் நடந்தது. 50 வயது தாண்டிய ஆண்களும் 55 தாண்டிய பெண்களுமாக 25,871 பேர். தினம் 2000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். மார்பகப் புற்றுநோய்: டி எடுத்தவர்களில் 124, எடுக்காதவர்களில் 122.

இந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கியது. 'முன்னாடியே டி பார்த்து மாத்திரை போட்டிருந்தால்' என்று ஆறு மாதம் என்னையே கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே சராசரி டி 30 இருந்தது. 20க்குக் கீழே இருந்தவர்கள் எட்டில் ஒருவர்தான். உங்கள் அம்மா போல 9 உள்ளவர்களை மட்டும் வைத்துச் செய்திருந்தால் என்ன வந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வு பதில் சொல்லாது. இன்னொன்று, புற்றுநோயால் இறந்தவர்கள் டி எடுத்த குழுவில் 154, எடுக்காத குழுவில் 187. தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை, உறுதி என்று சொல்லவும் முடியவில்லை. இது எல்லாப் புற்றுநோயும் சேர்ந்த கணக்கு.

பிப்ரவரி 26

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டி கொடுத்துப் பார்த்த ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள், அதில் புற்றுநோய் 60 சதவீதம் குறைந்ததே என்கிறீர்கள். 2007இல் வந்தது, 1179 பெண்கள். நானும் அதைத்தான் முதலில் பிரிண்ட் எடுத்து என் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: அந்த 60 எல்லாப் புற்றுநோயும் சேர்த்து, மார்பகத்துக்கு மட்டும் இல்லை. அது எலும்பு முறிவைப் பார்க்க வைத்த ஆய்வு, புற்றுநோயைப் பக்கவாட்டில் எண்ணினார்கள். அதே குழுவினர் புற்றுநோயையே குறியாக வைத்து 2303 பெண்களிடம் திரும்பச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் சுருங்கி, தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவில் நின்றது.

மார்ச் 3

அவசரமான திருத்தம், முக்கியமாகப் பாருங்கள்.

டொரன்டோவில் 512 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வைப் பற்றி ஒரு தங்கை கேட்டு, "டி 50க்குக் கீழே இருந்தால் நோய் திரும்ப வருவது ஏறக்குறைய இரட்டிப்பு என்கிறார்களே, எனக்கு 34தானே" என்று பயந்து எழுதியிருந்தார். நானும் யோசிக்காமல், "டாக்டரிடம் கேளுங்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். தப்பு. அந்த 50 வேறு அளவுகோல். கனடாவில் நானோமோல் கணக்கு, நம் லேபில் நானோகிராம் கணக்கு. நம் எண்ணை 2.5ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அவர்களின் 50 நமக்கு 20. தங்கையின் 34 அவர்கள் கணக்கில் 85. அவர் பயந்த பக்கத்திலேயே இல்லை.

அந்த ஆய்வையும் பார்த்து வாசிக்க வேண்டும். நோய் முற்றியவர்கள் உடம்பு முடியாமல் வீட்டுக்குள் இருப்பார்கள், சரியாகச் சாப்பிட மாட்டார்கள், டியும் குறையும். நோய் டியைக் குறைத்ததா, குறைந்த டி நோயைக் கூட்டியதா என்பதை இந்த மாதிரி ஆய்வால் பிரிக்க முடியாது. கீமோ நடக்கும்போது எனக்கு 14இலிருந்து 11க்கு இறங்கியது.

மார்ச் 10

நான் பிப்ரவரி 12இல் எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது. "இருபது வருடம் மைதானத்தில் நின்றும் டி 14" என்றேன் அல்லவா? நான் நின்றது காலை ஏழிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து ஆறு. இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

திருப்பதியில் ஆராய்ச்சியாளர்கள் நாள் முழுக்க ஒவ்வொரு மணிக்கும் வெயிலை அளந்து, எந்த நேரத்தில் டி உண்டாகிறது என்று பார்த்திருக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்து வெயில். முற்பகல் 11 மணியிலிருந்து 2 மணிவரைதான் நன்றாக உண்டாகிறது. காலை வெயில் சாய்வாக வரும்போது தோலில் டி செய்யும் புற ஊதாக் கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலால் டிக்குப் பெரிய பயன் இல்லை. போதாததற்கு நான் முழுக்கை சட்டை, சுடிதார், தொப்பி. மாநிறத்தைவிடக் கறுத்த தோல், அதற்கு வெள்ளைத் தோலைவிட நேரம் கூட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இந்தக் கணக்கிலேயே வராது.

ஆக என் மைதானக் கதையை அத்தையிடம் சொல்ல வேண்டாம். என் டி ஏன் குறைந்தது என்பதற்குத்தான் அது விளக்கம். புற்றுநோய் ஏன் வந்தது என்பதற்கு அது எந்தப் பக்கமும் சாட்சி இல்லை.

உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கச் சொல்லவில்லை. கையும் முகமும் படப் பத்து இருபது நிமிடம், வாரத்தில் சில நாள் போதும். கீமோ நடப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதுவும் வேண்டாம், சில மருந்துகளால் தோல் சட்டென்று கருகும்.

மார்ச் 24

வைட்டமின் டி பொடி பாக்கெட்டைப் பற்றி. ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரம், அப்புறம் மாதம் ஒன்று என்றுதான் பொதுவாக எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு இரண்டரை மாதம் பாலில் கலந்து குடித்தார். வாந்தி, மலச்சிக்கல், தாகம், கடைசியில் ஆள் யார் என்றே தெரியாத குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் அடிபட்டிருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஒரு பெட்டியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வைட்டமின்தானே, கூடினால் சிறுநீரில் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அது பி, சி. டி போகாது, உடம்பிலேயே தங்கும். அம்மாவின் பாக்கெட்டை ஞாயிறு ஞாயிறாகக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுங்கள்.

ஏப்ரல் 21

"அப்படியானால் டி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். ஐயோ, வேண்டவே வேண்டாம். நான் இத்தனை நாள் எழுதியது இப்படிப் புரிந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

எனக்கு டி எதற்கு என்று கேளுங்கள். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் அந்தக் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே அடைத்துவிடும். புற்றுக்குத் தீனி நிற்கும். ஆனால் எலும்பைக் காத்துக்கொண்டிருந்ததும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். ஐந்து வருடம், சிலருக்கு அதற்கும் மேல் இந்த மாத்திரை. மூன்றாம் வருடம் எனக்கு எலும்பின் உறுதியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி ஸ்கோர் மைனஸ் 2.3 என்று வந்தது. (இந்த டி வேறு, வைட்டமின் டி வேறு. என் கணவர் இரண்டையும் ஒன்று என்று நினைத்து, மைனஸில் போய்விட்டதே என்று பதறிவிட்டார்.) மைனஸ் 2.5க்குக் கீழே போனால் எலும்புப்புரை.

அதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கு முன்னால் டி, கால்சியம் இரண்டையும் பார்த்துச் சரி செய்தே ஆக வேண்டும். டி குறைவாக இருக்கும்போது போட்டால் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கி விரல் இழுத்துக்கொள்ளும். பல்லையும் முன்கூட்டியே காட்டிவிடச் சொன்னார்கள். பல் பிடுங்குவதென்றால் ஊசிக்கு முன்பே.

உங்கள் அம்மாவின் 9ஐ ஏற்ற வேண்டியது இதற்காக. நடக்க, விழாமல் இருக்க, விழுந்தாலும் உடையாமல் இருக்க.

ஜூன் 16

இந்த மாதம் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் புதிய வழிகாட்டல் வந்திருக்கிறது. 2011இல், 30 இருந்தால்தான் போதுமானது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். லேப் ரிப்போர்ட்டில் 29க்குப் பக்கத்தில் சிவப்பாக அடிப்பது அதன் மிச்சம். இப்போது அந்த 30ஐ அவர்களே கைவிட்டுவிட்டார்கள். நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். 2010இலேயே அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' அமைப்பு பெரும்பாலோருக்கு 20 போதும் என்று சொல்லியிருந்தது.

லெட்ரோசோலில் இருப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நமக்கு எலும்புக்காகப் பார்ப்பது பார்ப்பதுதான்.

ஆகஸ்ட் 4

லெட்ரோசோலால் வரும் மூட்டு வலிக்கு டி கேட்குமா? கேட்கும் என்று சில சிறு ஆய்வுகள், கேட்காது என்று சில. எனக்கு 14இலிருந்து 38 ஏறிய பிறகும் காலையில் விரலை மடக்க முடியவில்லை. எனக்குக் கேட்டது நடை. யேல் பல்கலைக்கழகத்தார் இந்த மாத்திரை எடுக்கும் பெண்களை வாரம் 150 நிமிடம் நடக்க வைத்து, இரண்டு நாள் எடைப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தபோது வலி நன்றாகக் குறைந்தது. நான் வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை வைத்துச் செய்கிறேன். ஆபரேஷன் ஆன பக்கக் கைக்கு மட்டும் பிசியோதெரபி டாக்டரிடம் கேட்டுவிட்டு மெதுவாக.

அக்டோபர் 13

அம்மாவைப் பற்றி முதலில் எழுதிய தங்கையின் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை: "நான் எடுத்தால் எனக்கு வராமல் தடுக்கலாமா?"

தடுக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. உங்கள் எலும்புக்குத் தேவை என்றால் எடுங்கள். எனக்குப் பயம் என்னவென்றால், மாத்திரை போடுகிறோம் என்ற தைரியத்தில் மார்பைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்களோ என்பதுதான். என் கட்டி நாலு மாதம் கையில் பட்டுக்கொண்டே இருந்தது. வலி இல்லையே, பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். டி மாத்திரையைவிட அந்த நாலு மாதம்தான் எனக்கு முக்கியமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு வந்திருப்பதால் உங்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. இரண்டு மடங்கு என்றாலும் வராமல் போவதற்கான வாய்ப்புதான் அதிகம். 30 வயதிலிருந்தே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பார்கள், காசு இல்லை. மேமோகிராம் எந்த வயதிலிருந்து, மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்பதை அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் டாக்டரிடமே கேளுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகம், கருமுட்டைப்பை என்று வந்திருக்கிறதா என்பதை அத்தையிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ரத்தச் சொந்தம் முக்கியம், அம்மா பக்கம் அப்பா பக்கம் இரண்டும்.

அக்டோபர் 14

அப்பா பக்கம் எதற்கு என்று கேட்டவருக்கு: இந்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும்.

மார்ச் 2, 2025

தங்கை எழுதியிருக்கிறார். அம்மாவுக்குக் கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து லெட்ரோசோல் ஆரம்பித்தாயிற்று. டி 9இலிருந்து 31. தங்கையும் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார், ஒன்றுமில்லை. படித்துவிட்டு வகுப்புக்குப் போக ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அம்மா கேட்கச் சொன்னாராம்: வெயில் வந்துவிட்டது, மொட்டை மாடியில் வடகம் போட ஏறலாமா?

தாராளமாக ஏறலாம். ரேடியேஷன் கொடுத்த இடத்தில் மட்டும் வெயில் படக்கூடாது. கழுத்துவரை மூடிய பருத்தி ஜாக்கெட், மேலே ஒரு துண்டு. இடது கை வெயிலில் கன்றிப் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும், அந்தப் பக்கம் நெறிகட்டி எடுத்திருப்பதால் வீங்கிக்கொள்ளும். பதினொன்றரைக்கு மேல் பதினைந்து நிமிடம் பிழியட்டும், அப்புறம் நிழலுக்கு வந்து மீதியைச் சொல்லித் தரட்டும். மாவுப் பாத்திரத்தை நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்.